சிவப்புத் துணி கட்டிய மரையாணி

பெட்ரோல் வாடை கொட்டகையிலிருந்து வரவில்லை; காய்ச்சலில் கிடந்த மகளின் மூச்சிலிருந்து வந்தது. போர்வையை இழுத்துவிடக் குனிந்த குனியோமியின் முகத்தில் அது குப்பென்று அடித்தது. தன் கையில் ஒட்டிய வாடையாயிருக்கும் என்றெண்ணி, கைகளை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டான்.

"அப்பா, வண்டி எப்பக் கெளம்பும்?" என்றாள் ஹொனோகா. ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சு சீழ்க்கையடித்தது.

"இதோ ஆச்சுடா கண்ணு."

கணவாயில் பனி சரிந்துவிட்டதால் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. பனி வழிக்கும் வண்டியோடு நண்பன் தெத்சுஜி இருட்டுவதற்குள் இப்பக்கம் வருவான். அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால்தான் மகளை மருத்துவமனையில் சேர்க்க முடியும். அன்றாடம் ஓட்டும் சின்ன வண்டியோ கூரையிலிருந்து விழுந்த பனியின் அடியில் நசுங்கிக் கிடந்தது. கொட்டகையில் எஞ்சியிருந்தது, சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு சாவு வீட்டில் மலிவாகக் கிடைத்த பழைய கார் மட்டுமே. வாங்கியதும் அதைக் கோயில் வாசலில் நிறுத்தித் தீட்டுக் கழித்திருக்க வேண்டும். வெடித்துப்போன எரிபொருள் குழாய்களையும் மாற்றியிருக்க வேண்டும். இரண்டையும் அவன் வசந்தத்துக்குத் தள்ளிப் போட்டிருந்தான்.

"என்னடா குனி, ஒன் கெழவி எழுந்தாளா, இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் கெடக்காளா?" என்று காரைக் கேலி செய்து தொலைபேசியில் சிரித்த தெத்சுஜி, சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "சும்மா சொன்னேன்டா. ஹாரன் அடிச்சதும் கெளம்பிடு. என்னால நிக்க முடியாது, வழிச்ச பாதை பின்னாலயே மூடிக்கிட்டு வருது."

ஒழுகும் பெட்ரோலின் பக்கத்தில் அடுப்பு மூட்ட அஞ்சி, விறைத்த விரல்களோடு, கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவன் காரின் அடியில் மல்லாந்து படுத்தான். தொட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாய் ஆமைக் கழுத்தைப்போலச் சுருங்கி, சுருக்கந்தோறும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. தொட்டான். அந்தக் குளிரிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது.

கசிவை நிறுத்தக் குழாயைக் குறட்டால் கவ்வி நெரித்தான். வீட்டுக்குள்ளே மனைவி சிசுரு அலறினாள்.

"என்னங்க! புள்ளைக்கு மூச்சு வரல!"

குறடு நழுவியது. பெட்ரோல் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. உள்ளே இருமல் வெடித்தது.

"வந்துடுச்சு... வந்துடுச்சுங்க..."

தற்செயல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆயினும் குறட்டை மறுபடி எடுக்கக் கை வரவில்லை.

தொலைவில் ஹாரன் ஒலித்தது.

இனித் தாமதிக்க இயலாது. குழாயை அறுத்தான், தொட்டிப் பக்கத்து வாயில் ஒரு மரையாணியைத் திணித்து அடைத்தான். வேலை முடிந்ததும் பிடுங்க மறந்துவிடக் கூடாதென்று அதன் தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருப்பான். அடைத்துவிட்டுக் காது கொடுத்தான்.

அலறல் இல்லை. சீழ்க்கையும் அடங்கியிருந்தது. சிசுரு கொடுத்த மருந்து வேலை செய்கிறது என்று நெஞ்சு குளிர்ந்தது. கைகள் பறந்தன. முன்பே வாங்கி வைத்திருந்த புதுக் குழாய்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பட்டைகளை முறுக்கினான். கடைசி இணைப்பு மட்டுந்தான் பாக்கி. மரையாணியைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

குழாயின் வாய் வெறுமையாக இருந்தது.

மரையாணி இல்லை. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தரையில் தடவினான். சட்டைக்குள் தேடினான். இல்லை.

ஹாரன். மிக அருகில்.

அவன் உள்ளே ஓடினான். சிசுரு மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் மெல்ல. "இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறா."

போர்வை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஹொனோகாவின் மூடிய உதடுகளுக்கிடையே ஒரு சிவப்புத் துணி தொங்கியது. ஈரமாக. அதன் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டது.

கொட்டகையில், யாரும் முடுக்காத எஞ்சின் உறுமியது. அதனூடே ஒரு சீழ்க்கை. இழுத்து, விட்டு, இழுத்து.

"அப்பா," என்றது பானெட்டின் அடியிலிருந்து ஒரு குரல். "வண்டி கெளம்பிடுச்சு."