முகம் கரைந்தவன்

வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டு அவர் வீடு திரும்பியது ஒரு முற்பகல். வரைபட அலுவலகத்தில் முப்பது வருடம் கோடு இழுத்து ஓய்வு பெற்றவர். இப்போது சுண்டுவிரல் உயர ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுகிறார். அதனால் தெருவில் அவருக்குத் தளபதி என்று பெயர். வந்ததும் வராததுமாக வேலை அறைக்குப் போய், மூன்று வருடமாகத் தீட்டிய அறுபது பேர் படையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

தூக்கிவாரிப் போட்டது.

அறுபது பேரும் பிணங்கள்.

இடது கண்ணால் பார்த்தால் வெயிலில் காய்ந்த நல்ல முகங்கள். புதுக் கண்ணால் பார்த்தால் நீலம் பாரித்த கன்னம், சாம்பல் உதடு. புரையின் மஞ்சளுக்குள் உட்கார்ந்துகொண்டு, அதைச் சரிக்கட்ட நீலத்தைக் கலந்து கலந்து பூசியிருக்கிறார்.

"எல்லாருக்கும் உடம்பு சரியில்லாத மாதிரி இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றாள் மனைவி. "நீங்க எங்க காதுல வாங்குனீங்க? குனியாதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் அந்தப் பக்கம் போனதும் முன்வரிசைச் சிவப்புக் கோட்டுச் சிப்பாய் ஒருவனை, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் முக்கி, கத்தி முனையால் சுரண்டினார். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகக் காட்டியதில் கை அழுந்திவிட்டது. பெயிண்டோடு சேர்ந்து மூக்கும் கண்குழியும் மழுங்கிப் போயின.

மறுநாள் ஜன்னலைத் திறந்து வைத்தும் தின்னர் வாடை போகவில்லை. நிமிர்ந்து பார்த்தார். கதவருகே ஆளுயரத்தில் ஒருவன் நின்றிருந்தான். நனைந்த சிவப்புக் கோட்டு. முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று சாம்பலாக இருந்தது.

வலது கண்ணை மூடினார்.

யாரும் இல்லை.

திறந்தார்.

இரு கைகளையும் நீட்டித் தடவிக்கொண்டு வந்தான். அலமாரியைத் தடவினான். நாற்காலியின் முதுகைத் தடவினான். அவருடைய கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி விரல்கள் காற்றைப் பிசைந்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கண்ணில்லாதவனிடமிருந்து தப்ப அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தான்.

முகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போய்விடுவான் என்று நினைத்து, அந்தச் சிப்பாய்க்கு மறுபடியும் கண் வரைய உட்கார்ந்தார். தூரிகை நுனி ஒவ்வொரு தடவையும் மயிரிழை தப்பிக் கறையாக விழுந்தது. பதினோரு தடவை முயன்றார். இந்தக் கைக்கா இப்படி ஒரு கதி என்று அழுகை வந்தது. கடைசியில் வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு இடது கண்ணின் மங்கலுக்குள் ஒளிந்துகொண்டார். அதில் அவன் தெரிய மாட்டான். ஆறுதல் என்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கண்ணுக்கும் நாள் குறித்திருந்தார்கள். மருத்துவமனை வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"இது வேண்டாமே."

"ஏன்? அது நல்லாத்தானே ஆச்சு?"

"அதுல ஒருத்தன் தெரியறான். இதுல தெரியல. இதையும் எடுத்துட்டா நான் எங்க போவேன்?"

அவள் பிடித்த கையை விடாமல் படியேறினாள். "பயத்துல என்னவோ பேசறீங்க. விட்டா இந்தக் கண்ணு போயே போயிடுமாம். அப்புறம் தடவிக்கிட்டு நடப்பீங்களா?"

அதற்குள் அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது வார்டு பளிச்சென்று தெரிந்தது. எட்டுக் கட்டில்கள், வெள்ளை விரிப்புகள், மனைவியின் நெற்றியில் அவர் இதுவரை பார்க்காத சுருக்கங்கள். டாக்டர் காட்டிய விரல்களைச் சரியாக எண்ணினார். அவன் எங்கும் இல்லை. உடம்பெல்லாம் லேசானது.

"சொட்டு மருந்து வாங்கிட்டு வந்துடறேன்," என்று மனைவி டாக்டருக்குப் பின்னால் கிளம்பினாள்.

தின்னர் வாடை வந்தது.

வார்டின் கோடியில் அவன் நின்றிருந்தான். கைகளை நீட்டவில்லை; அவை பக்கவாட்டில் தொங்கின. வழவழப்பான அந்த முகத்தில், இடப் பக்கம் மட்டும், ஒரு கண் இருந்தது. கிழட்டுக் கண். நடுவில் பால் படிந்து மஞ்சளித்திருந்தது. தினமும் சவரக் கண்ணாடியில் அவர் பார்த்துவந்த கண்.

அது கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்து, அவர்மேல் நின்றது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்து பார்த்தார்.

அவன் நேராக நடந்து வந்தான்.