நிரம்பிய தொட்டி

தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை. காலையில் நிரப்பினால் மாலைக்குள் வற்றிவிடும் தொட்டி, இன்று விளிம்புவரை அப்படியே நிற்பதையும், மேலே சோப்பு நுரை மாதிரி ஏதோ மிதப்பதையும், அதிலிருந்து புளித்த வாடை எழுவதையும் கண்டு இன்ஜினியர் முகம் சுளித்தார்.

காட்டை மொட்டையடித்து வரிசை வரிசையாக வீடு கட்டியவர் அவர்தான். மனசாட்சிக்காக ஒரு பிடி மரங்களை விட்டுவைத்து, மூன்று பக்கம் உயரமாகச் சுவர் எழுப்பி, நடுவில் விலங்குகள் குடிக்க இந்த ஒரே தொட்டியை வைத்தார். வீடுகள் இருந்த நாலாவது பக்கத்தைத் திறந்தே விட்டார். பின்வாசலில் நின்றே விலங்குகளைப் பார்க்கலாம் என்று சொல்லித்தானே வீடுகளை விற்றார்கள்! போக்கிடமில்லாத நரியும் கீரியும் காட்டுப்பூனையும் அங்கேதான் முண்டியடித்தன. இதில் தன்னைப் பெரிய தர்மப்பிரபு என்று வேறு நினைத்துக்கொண்டார்.

மர நிழலில் ஒரு நரி நின்றது. கை தட்டினார். ஓடவில்லை. அதை உரசிக்கொண்டு ஒரு கீரி. பின்னால் இன்னொரு நரி, தாடை தொங்கி, எச்சில் ஒழுக. ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லை. எல்லாம் தண்ணீரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தன.

மெல்லப் பின்வாங்கி, கால்நடை மருத்துவரான மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார்.

"தண்ணியப் பார்த்து நடுங்குதா? மாமா, அது வெறிநோய். தொண்டையில இறங்காது. இத்துனூண்டு இடத்துல அடைச்சு வச்சா ஒண்ணை ஒண்ணு கடிக்காம என்ன பண்ணும்? கிட்டப் போகாதீங்க. பாப்பா எங்க?"

"வீட்டுல..."

"கதவைச் சாத்தச் சொல்லுங்க, முதல்ல!"

மனைவி போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. ஓடினார். பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு பின்வாசல். அடுத்தது. எல்லாம் காற்றுக்காகத் திறந்து கிடந்தன.

அவர் வீடு. உள்ளே மிக்ஸி இரைந்துகொண்டிருந்தது. பின்படியில் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நரிக்குட்டி.

"பாவம்ப்பா, குடிக்கவே மாட்டேங்குது," என்றாள். "வாயைத் திறந்து நானே ஊத்துறேன்."

ஒரு கையில் டம்ளர். மறு கையின் விரல்கள் பற்களுக்கு நடுவே. மணிக்கட்டுவரை நுரை.

தாடை மெல்ல மூடிக்கொண்டிருந்தது.