எண் கொடுக்காத பேனல்

ஆறு பேனல்களைத்தான் மாட்டியிருந்தாள். லேப்டாப் ஏழு என்றது.

அவள் முதலில் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விண்வெளிக் கப்பல் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக உயிரை விடுகிற ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். மவுஸும் கீபோர்டும் அவர்களுக்குப் போதாது. விரலுக்கு ‘டக்’கென்று அகப்படுகிற சுவிட்ச் வேண்டும், இழுத்தால் கனக்கிற நெம்புகோல் வேண்டும், நிஜக் கப்பலில் எரிகிற மாதிரி சிவப்பு விளக்கு வேண்டும். அவர்கள் கேட்கிறபடி பேனல் செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். ஒவ்வொரு பேனலும் ஒரு தட்டு அகலத்துக்குத் தனிப்பெட்டி. ஒன்றோடு ஒன்றைப் பக்கவாட்டில் சேர்த்துச் சொருகினால் போதும், மின்சாரம் வந்ததும் ஒவ்வொன்றும் தன் எண்ணைச் சொல்லித் தான் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும். அந்த எண்ணைக் கொடுப்பவள் அவள். கொடுக்க மறந்துவிட்டால் பேனல் தன்னைப் பூஜ்யம் என்று சொல்லிக்கொள்ளும்.

ஏழாவதாகத் திரையில் நின்றது அப்படி ஒரு பூஜ்யம்தான். பெயர் இல்லை. பன்னிரண்டு சுவிட்ச் என்று காட்டியது, பன்னிரண்டும் அணைந்திருந்தன. எதற்காவது எண் கொடுக்க விட்டுப்போய், அது இரண்டு தடவை பதிவாகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே போகப் பார்த்தாள். ஆனால் ஒன்று உறுத்தியது. எட்டுக்கு மேல் சுவிட்ச் வைத்து அவள் இதுவரை ஒரு பேனல்கூடச் செய்ததில்லை.

“ஆறு ஏழாத் தெரியுதா? கண்ணாடிய மாத்துற நேரம் வந்துடுச்சு உனக்கு” என்றார் அவள் கணவர், காபியை உறிஞ்சியபடி. சிரிக்கத்தான் வந்தது அவளுக்கு. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இதே மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் பேசாமல் கிடந்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் தூங்கும்போது அவருடைய மூச்சை எண்ணுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. இவர் இல்லாமல் ஒரு நாள் என்று நினைத்தாலே அவளுக்குக் கை கால் ஓடாது.

அறையின் மூலையில், சுவரோடு ஒட்டி, கூண்டு நின்றது. கூண்டு என்பது அவர் வைத்த பெயர். ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிற ஒரு டாக்டர் தனக்கென்று கேட்ட காக்பிட், கப்பலோட்டியின் அறை அது. பிளைவுட்டில் நாலு பக்கமும் அடைத்து, உள்ளே கருப்பு ஸ்பாஞ்ச் ஒட்டி, நடுவில் ஒரு இருக்கை. கதவு நிஜமாகவே பூட்டிக்கொள்ள வேண்டும், விளையாடும்போது பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் கதவுக்கு மின்சாரத் தாழ்ப்பாள். உள்ளே ஆறாவது பேனலில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் திறக்கும், வெளியே லேப்டாப்பிலிருந்தும் திறக்கலாம். கரண்ட் போனால் தானாகவே விட்டுவிடும்படி அவள் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

ஐந்து மணிக்குப் பார்சல் வண்டி வரும். அதற்குள் கடைசிச் சோதனை முடிய வேண்டும். இருக்கை டாக்டருடைய உயரத்துக்கு அளவெடுத்தது. அவள் உட்கார்ந்தால் கால் எட்டாது. அவர்தான் உட்கார வேண்டும். வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். நாற்காலியில் சும்மா உட்காருவதற்கும் ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவர் குனிந்து உள்ளே போனார்.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

விளக்குகளின் வெளிச்சம் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களில் கருப்புத் துணி கட்டியிருந்தார்கள். வெளியே பிற்பகல் மூன்று மணி வெயில். உள்ளே லேப்டாப் வெளிச்சமும், துணியின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கோடும் மட்டும். சால்டரிங் புகையின் கசப்பு வாசனை இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றுவதும் நிற்பதும் பிறகு மறுபடி சுற்றுவதுமாக இருந்தது. கூண்டுக்குள்ளிருந்து கப்பல் இன்ஜினின் இரைச்சல், ஹெட்போனைத் தாண்டி வருவதால், போர்வைக்குள் ரேடியோ பாடுவது போல மங்கலாகக் கேட்டது.

அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. சோதனையின்போது பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் ஒவ்வொரு சுவிட்சையும் இரண்டு தடவை போட்டு அணைப்பார். அவள் திரையில் பார்த்துத் தாளில் டிக் அடிப்பாள். ஒரு தடவை மட்டும் எரிந்தால் அது தூசியாக இருக்கலாம், வயர் ஆட்டமாக இருக்கலாம். இரண்டு தடவை என்றால் மனுஷன் என்பது அவர் கட்சி.

இன்ஜின் பேனல். முதல் சுவிட்ச், இரண்டு தடவை. டிக். அடுத்தது, இரண்டு தடவை. டிக். அவருடைய விரலை நேரில் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. நிதானமாக, கொஞ்சம் கெத்தாக. எட்டும் முடிந்தன. திசை பேனலுக்குப் போனார்.

அப்போது பூஜ்யத்தில் முதல் சுவிட்ச் எரிந்தது.

ஒரே ஒரு தடவை. சற்று நேரம் எரிந்தபடியே இருந்துவிட்டு அணைந்தது. பிறகு இரண்டாவது. அதுவும் ஒரு தடவை. பிறகு மூன்றாவது. அவசரமே இல்லை. இருட்டில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டே கதவைத் தேடுவது போல, இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக.

சுவிட்சோடு சேர்க்காமல் விட்ட வயர் ஒன்று எங்கோ தொங்குகிறது என்று அவள் நினைத்தாள். தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. அப்படித் தொங்குகிற வயருக்குத் தொடுவதுகூட வேண்டாம். ஒரு கை பக்கத்தில் வந்தாலே போதும், சுவிட்ச் போட்டதாகக் காட்டிவிடும். சே, இவ்வளவுதானா என்று மூச்சு விட்டாள். பேனாவை எடுத்தாள்.

எடுத்த பேனா அப்படியே நின்றது. அவருடைய இரண்டு கைகளும் திசை பேனலில் இருக்கின்றன. திரையில் தெரிகிறது, இரண்டு நெம்புகோலும் ஒன்றாக நகர்கின்றன. அப்படியானால் பக்கத்தில் வருவது யார் கை?

முறையை உடைத்து மைக்கை ஆன் செய்தாள்.

“என்னங்க, போதும். வெளிய வந்துடுங்க.”

“இப்பதானே ஆரம்பிச்சேன்” என்றார் அவர். குரலில் இன்னும் விளையாட்டு இருந்தது. “சரி, நீ மொதல்ல பின்னால தட்டுறத நிறுத்து.”

“நான் தட்டலையே.”

மைக்கில் இருக்கை முனகியது; அவர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்.

“சீட்டுக்குப் பின்னால. மெதுவா. நீ இல்லையா?”

இருக்கைக்குப் பின்னால் ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்சுக்குப் பின்னால் பிளைவுட். அதற்கும் பின்னால் சுவர். ஒரு கை நுழையக்கூட அங்கே இடம் இல்லை, அளவெடுத்து நிறுத்தியவள் அவள்தான். பக்கத்து வீட்டு மெஷினாக இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மெஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மைக்கில் அவருடைய மூச்சு கேட்டது. ராத்திரிகளில் எண்ணி எண்ணி அவளுக்கு மனப்பாடமான மூச்சு. ஒன்று. இரண்டு. மூன்று. நடுவில், அவர் மூச்சை அடக்கிய இடத்தில், இன்னொன்று கேட்டது.

“கதவத் திற, இங்க சுவிட்ச் வேலை செய்யல” என்றார் அவர். விளையாட்டு போய்விட்டிருந்தது.

லேப்டாப்பில் கதவைத் திறக்கும் பட்டனை அழுத்தினாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் வந்தது. அதே நொடியில் பூஜ்யத்தில் பன்னிரண்டாவது சுவிட்ச் எரிந்தது. தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது. அவள் கை வேகமாகப் போனது. அந்தக் கை அதைவிட வேகமாகப் போனது.

திசை பேனல் அசையவில்லை. மற்ற எதிலும் எதுவும் இல்லை. மைக்கில் மூச்சும் இல்லை.

அவருடைய நெஞ்சு. ஐயோ, அவருடைய நெஞ்சு.

எழுந்து ஓடினாள். நாற்காலி விழுந்தது. முழங்கால் மேஜையில் இடித்தது. எல்லாவற்றுக்கும் கரண்ட் போகும் பெட்டியைத் தரையில் தேடி, பிளக்கைப் பிடுங்கினாள். கூடவே லேப்டாப்பிலிருந்து கூண்டுக்குப் போன கேபிளும் உருவிக்கொண்டு வந்தது. இன்ஜின் இரைச்சல் அறுந்தது. விளக்குகள் போயின. தாழ்ப்பாள் விட்டது.

கதவு மெல்லத் திறந்தது. அவர் குனிந்து வெளியே வந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அவரைக் கட்டிக்கொண்டாள். அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். ஒரு பேச்சுக் கேட்கிறீர்களா, ஆஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னார், நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டதற்கு அவர் இல்லை என்று தலையசைத்தார். வியர்த்துக் கொட்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள்; சட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை. பயந்துபோய்விட்டார் பாவம், கொஞ்ச நேரம் பேச வராது என்று அவளே காரணமும் கண்டுபிடித்தாள்.

செல்போன் டார்ச்சை அடித்துக் கூண்டுக்குள் பார்த்தாள். இருக்கை. செத்துக் கிடந்த ஆறு பேனல். கொக்கியில் ஹெட்போன். இருக்கையின் பின்னால் ஸ்பாஞ்ச், ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே யாரும் இல்லை. வண்டிக்காரனுக்குப் போன் செய்து இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பல் டாக்டரிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். இவர் வெளியே வந்தாயிற்று, அது போதும். நம்பரைத் தேடுவதற்காக லேப்டாப்பின் பக்கம் திரும்பினாள்.

பேட்டரியில் திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேனல்களும் பட்டியலிலிருந்து போய்விட்டன. பூஜ்யம் மட்டும் இருந்தது.

கேபிளின் முனை அவள் காலடியில் கிடந்தது. எதிலும் சேராமல்.

முதல் சுவிட்ச் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது.

இரண்டாவது. எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது.

மூன்றாவதும் இரண்டு தடவை.

அவளுக்கு அந்த விரலைத் தெரியும். ஆனால் நிதானம் இல்லை அதில். கெத்தும் இல்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது; இரண்டு இரண்டாக, பதறிப் பதறி, மூடிய கதவை உள்ளிருந்து அறைவது மாதிரி.

ஸ்டூல் நகர்ந்தது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தண்ணீர் டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம். கால் சத்தம். அது அவளிடம் வரவில்லை. கூண்டுக்குப் போனது.

“என்னங்க” என்றாள் திரையைப் பார்த்து.

ஏழாவது. எட்டாவது. ஒன்பதாவது. இடையில் நேரம் கூடிக்கொண்டே போனது. பத்தாவதில் இரண்டாம் தடவை வர வெகுநேரம் ஆயிற்று. பதினோராவதில் அதைவிட நேரம்.

அவள் திரும்பினாள். கூண்டுக் கதவை மூடி, அதன்மேல் முதுகை அழுத்திச் சாய்ந்துகொண்டு, காலை அகட்டித் தரையில் ஊன்றி அவர் நின்றார். கரண்ட் இல்லாத கதவு திறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற ஆள் மாதிரி. அவளைப் பார்த்துத் தலையசைத்தார், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டபோது அசைத்த மாதிரியே.

திரையில் பன்னிரண்டாவது சுவிட்ச் எரிந்து அணைந்தது. அவள் இரண்டாவது தடவைக்காகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.