மஞ்சள் காயும் வரை

காலையில் நீலமாக இருந்த வீடு, சாயங்காலம் அவர்கள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது மஞ்சளாக இருந்தது.

வீடு மாறி வந்துவிட்டோம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய தெருவில் வீடுகள் பச்சையும் சிவப்பும் ஊதாவுமாக, பொம்மைக் கடை அலமாரி போல ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நின்றன. வழி தவறுவது பெரிய விஷயமில்லை. ஆனால் மாடிக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது கணவனின் துண்டுதான். சுவர் இன்னும் ஈரமாக மினுங்கியது. கடற்காற்றின் உப்பையும் மீன் வாடையையும் மீறி, பெயிண்ட் நாற்றம் தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

"அம்மா, மஞ்சள்! எனக்குப் பிடிச்ச மஞ்சள்!"

கையை உதறிக்கொண்டு ஓடினாள் வாலு. ஒன்றாம் வகுப்பு போகும் அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் வாலுதான்.

அவர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா ஏணியிலிருந்து இறங்கினாள். "பிடிச்சிருக்கா கண்ணு? வா, உன் ரூமைப் பாக்கலாம்."

குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு குதித்தபடி உள்ளே போனது.

"நாம இன்னும் ஒரு வாரம் தங்கினா வீட்டையே எழுதிக் குடுத்துடுவாங்க போல," என்று சிரித்தான் கணவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று நேரத்தில் வீட்டுக்காரம்மா தனியாகத் திரும்பி வந்தாள்.

"உன் ரூம்னு என்னமோ சொன்னீங்களே?"

"அவ ரூம்தானேம்மா. நேத்து நீங்கதானே பிள்ளையைக் குடுத்தீங்க."

நேற்று சாப்பாட்டு மேசையில் வாலு தண்ணீரைக் கொட்டி, வீட்டுக்காரம்மாவின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்து ஒரு வழி பண்ணிவிட்டிருந்தாள். "என்னால முடியலைங்க. வேணும்னா இவளை நீங்களே வச்சுக்கங்க," என்று அவள் சொன்னாள். எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்வதுதான். கேட்பவர்களும் சிரித்து, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். இந்த அம்மா மட்டும் சிரிக்காமல் கரண்டியைக் கீழே வைத்தாள். "நிஜமாவா?"

"தாராளமா! திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க," என்றான் கணவன்.

"நீங்க சொல்லக்கூடாது. பெத்தவ சொல்லணும்."

"வச்சுக்கங்க, வச்சுக்கங்க," என்று அவளும் சிரித்தாள். உடனே வீட்டுக்காரம்மா வாலுவின் பக்கம் திரும்பி, உனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டாள்.

"அது சும்மா விளையாட்டுக்குங்க," என்றாள் இப்போது.

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேனேம்மா." குரலில் கோபமே இல்லை. பெயிண்ட் அப்பிய விரல்களால் அவள் கன்னத்தை வாஞ்சையாகத் தடவினாள். "காயற வரைக்கும்தான் கஷ்டமா இருக்கும். காய்ஞ்சுட்டா ஒண்ணும் தெரியாது. எதிர்ல அந்தப் பச்சை வீட்டுக்குப் பிள்ளையைக் குடுத்தவளும் இப்படித்தான் நின்னா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறினா."

அவள் திரும்பிப் பார்த்தாள். பச்சை வீட்டு ஜன்னலில் சின்னதாக ஒரு முகம். பக்கத்துச் சிவப்பு வீட்டிலும் ஒன்று. வாய்கள் அசைந்தன. சத்தம் இல்லை.

"என்னங்க, கிளம்பலாம். இப்பவே. வாலுவைக் கூட்டிட்டு வாங்க."

"கிளம்பலாமே. நான் பெட்டியை எடுத்துட்டு வர்றேன்." படியில் கால் வைத்தவன் நின்றான். "யாரைக் கூட்டிட்டு வரணும்?"

விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு படியேறினாள். அவர்கள் அறையைத் தாண்டி, இன்னொரு குறுகலான படி. மேலே ஒரு கதவு. கதவும் நிலையும் சுவரும் ஒரே மஞ்சள். இடுக்கே தெரியாமல் பூசியிருந்தது. பிடி இல்லை. தாழ்ப்பாள் இல்லை.

"அம்மா, கதவு திறக்க மாட்டேங்குது." உள்ளிருந்து குரல்.

"இரு கண்ணு. அம்மா வந்துட்டேன்."

நகத்தால் சுரண்டினாள். பாலாடை போல மஞ்சள் சுருண்டு வந்தது. அடியில் நீலம். அதற்கடியில் ரோஜா நிறம். அதற்கும் அடியில் வெள்ளை. படிக்கட்டு ஜன்னல் வழியாக விழுந்த சாயங்கால வெயில் சுவரில் மெல்ல நகர்ந்தது. அது தொட்ட இடமெல்லாம் ஈரத்தின் மினுக்கம் அணைந்துகொண்டே வந்தது.

"அம்மா, பயமா இருக்கும்மா."

தெருவே கேட்கும்படி மகளின் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. மாமியாரோடு சண்டை போட்டு அவளே வைத்த பெயர். என்ன பெயர்? கன்னத்தில் ஒரு மச்சம். இடது கன்னமா? மச்சம் இருந்ததா?

சுரண்டினாள். நகம் பிளந்தது. மஞ்சளில் ரத்தம்.

உள்ளே அழுகை. குழந்தை அழுகிறது. யார் வீட்டுக் குழந்தை? இப்படியா அழவிடுவார்கள்?

விரலைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

ஒட்டவில்லை.

"அங்க என்ன பண்றே? பஸ் போயிடும்," என்று கீழேயிருந்து கணவன் குரல் கொடுத்தான். இறங்கி வந்தாள். "அய்யோ, கையெல்லாம் என்ன?"

"எங்கேயோ உரசிட்டேன் போல. புதுப் பெயிண்ட்."

வீட்டுக்காரம்மா ஈரத்துணி எடுத்துவந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். "ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டீங்க," என்று விடைபெறும்போது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

தெருமுனை வரை போனவள் ஆசை தாங்காமல் திரும்பினாள். அந்தி வெயிலில் அந்த மஞ்சள் வீடு தனியாக ஜொலித்தது.

"என்னங்க, ஒரு நிமிஷம். ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எவ்வளவு அழகா இருக்கு!"

மேல் ஜன்னலில் ஒரு சிறுமி இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். வாய் பிளந்திருந்தது. கடற்காற்றில் எதுவும் கேட்கவில்லை.

"யார் வீட்டுப் பொண்ணோ, நமக்கு டாட்டா காட்டுது பாரு," என்றான் கணவன்.

அவள் போனை உயர்த்தினாள். படத்தில் குழந்தையின் முகம் சரியாக இல்லை. தன் உதட்டோரங்களை இரண்டு விரலால் இழுத்துக் காட்டி, சிரி என்று ஜாடை செய்தாள்.

குழந்தை நெற்றியால் கண்ணாடியை முட்டியது. மறுபடியும் முட்டியது. கண்ணாடி சிவந்தது.

அவள் இன்னொரு படம் எடுத்தாள்.