உறிஞ்சான் பிறந்த கதை

அந்த வீட்டில் ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி அல்ல, ஐந்து வயதுப் பையன். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயமாட்டான். பல் துலக்கும்போதுகூட நுரையோடு நுரையாகப் பேசுவான். அதனால் வந்த பெயர் அது.

அப்படிப்பட்டவன் சில நாட்களாக வாயே திறக்கவில்லை.

முதலில் சளி பிடித்துத் தொண்டை கட்டியது. ஒரு காலையில் எழுந்து அம்மாவைக் கூப்பிட்டான். வெறும் காற்றுதான் வந்தது. மருந்து கொடுத்ததில் சளி போய்விட்டது. ஆனாலும் அவன் பேசவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மா சலவைக் கடை வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு துணியைக்கூடக் கருக்காதவர், அந்த வாரம் ஒரு காலரைக் கருக்கிவிட்டார். அப்பா பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வி, "பேசினானா?" அம்மா இல்லையென்று தலையாட்டுவார். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

ரேடியோவின் அக்காவுக்குப் பத்து வயது. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதனால் எல்லோருக்கும் அவள் பென்சில்தான். அவள் வரையும் படக்கதைக்கு வகுப்பில் பெரிய கிராக்கி. அதிலும் வில்லன் உறிஞ்சான் என்றால் எல்லோருக்கும் உதறல். யானைத் தும்பிக்கை மாதிரி மூக்கு. பை பையாகத் தைத்த சாம்பல் நிறக் கோட்டு. ஒவ்வொரு பையிலும் ஒரு கண்ணாடிப் பாட்டில். யாராவது நிறையப் பேசினால் அவன் மூக்கை நீட்டுவான். ஒரே உறிஞ்சு! குரல் பாட்டிலுக்குள் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் பென்சில் புதுப் பக்கம் ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேடியோ சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். பயமா என்று கேட்டாள். அவன் படத்திலிருந்த ஒரு பாட்டிலைத் தொட்டான். பிறகு தன் தொண்டையைத் தொட்டான்.

பென்சிலுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவனுக்குத் தொண்டை கட்டியதற்கு முந்தின மாலைதான் அவள் அந்தக் கதையை மூக்கை ஆட்டி, உறிஞ்சிக் காட்டி, நடித்தே சொல்லியிருந்தாள். மறுநாள் காலையில் நிஜமாகவே குரல் இல்லை. பாவம், அவன் வேறு என்ன நினைப்பான்?

"அது பொய்டா. உறிஞ்சான்னு யாருமே இல்ல. நான் சும்மா வரைஞ்சது."

ரேடியோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். விவரம் தெரியாத அக்கா என்று நினைத்திருப்பான்.

சரி, படத்தைக் கிழித்துவிடலாம் என்று கையை நீட்டினாள். அவன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் குரல் அந்தப் பாட்டிலுக்குள் அல்லவா இருக்கிறது!

பென்சில் யோசித்தாள். இல்லாத ஆளை எப்படி விரட்டுவது? அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. உறிஞ்சானுக்கு மூக்கு கொடுத்தாள், கோட்டு கொடுத்தாள். அவன் ஏன் குரலைத் திருடுகிறான் என்று மட்டும் அவளுக்கே தெரியாது.

தரையில் ஒரு புதுத் தாளை விரித்தாள். "வா, உறிஞ்சான் சின்னப் பையனா இருந்தப்ப என்ன ஆச்சுன்னு பாக்கலாம்."

ஒரு சின்ன மூக்குப் பையனை வரைந்தாள். அவன் ஏதோ சொல்ல ஓடி வருகிறான். வீட்டில் எல்லோருக்கும் வேலை. 'அப்புறம் சொல்லு' என்கிறார்கள். அந்த வார்த்தையை எழுதும்போது அவள் கை கொஞ்சம் நின்றது. அவளே அதை எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்!

கேட்க ஆளில்லாமல் பையனின் குரல் கடுகு மாதிரி சிறுத்து, ஒருநாள் காணாமலே போய்விடுகிறது. அதைத் தேடித்தான் அவன் மற்றவர்கள் தொண்டையில் மூக்கை நுழைக்கிறான். எடுத்த குரல் எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. ஊரார் சட்டையைப் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

ரேடியோ நகர்ந்து நகர்ந்து அவள் முழங்கையருகே வந்துவிட்டான்.

கடைசிக் கட்டத்தில் உறிஞ்சான் ஒரு ஜன்னலருகே நிற்கிறான். உள்ளேயிருந்து ஒரு குட்டிப் பையன் சொல்கிறான்: 'உள்ள வா. என்ன சொல்லணுமோ சொல்லு, நான் கேக்குறேன்.'

உறிஞ்சானின் பதிலை எழுத அவன் வாயருகே ஒரு வட்டம் போட்டாள். அது காலியாகவே இருந்தது.

"இங்க என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியலடா" என்றாள். அது நிஜம்தான். அவள் அவனைத் தூண்டவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு காத்திருந்தாள்.

ரேடியோ காலி வட்டத்தின்மேல் விரலை வைத்தான். துருப்பிடித்த கதவு போல ஒரு சத்தம் வந்தது.

"இரு... என்ன சொல்ல வந்தேன்னு மறந்துட்டேன்... அப்படின்னு சொல்லுவான்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதினாள். பிறகு மெதுவாக, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் பாட்டிலை எல்லாம் திறந்து விட்டுடுவான். ஆனா ஒரு பாட்டில் மூடி மட்டும் இறுக்கமா இருக்கும். துணி வச்சுத் திருகிப் பாப்பான். பல்லால கடிப்பான். பல்லு வலிக்கும். அப்புறம்..."

கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. யாருடைய கால்சட்டையையோ கையில் பிடித்தபடி அம்மா மாடிப்படி ஏறி வந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து, அந்தக் கால்சட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

மாலையில் வாசலில் கால் வைத்த அப்பாவுக்கு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் தெருமுனை வரை கேட்டிருந்தது. ரேடியோ அவரை உட்காரவைத்து மொத்தக் கதையையும் முதலிலிருந்து சொன்னான். எழுந்தால் கதை நின்றுவிடுமோ என்று அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிறகு அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வரவில்லை என்றார். ஏன் என்று அங்கிருந்த பெண் கேட்பதற்குள் ரேடியோ போனைப் பிடுங்கிக்கொண்டான். வெகுநேரம் கழித்துத்தான் அது அப்பா கைக்குத் திரும்பி வந்தது.

"லிஸ்ட்ல இருந்து பேர அடிச்சுட்டேன் சார். உங்க பையன் நல்லாவே பேசுறான்" என்றார் அந்தப் பெண். போனை வைப்பார் என்று பார்த்தால் வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "ஆனா அந்த மூடி கடைசியில திறந்துச்சா, இல்லையா?"

அப்பா சிரித்துக்கொண்டே போனை மறுபடி மகனிடம் கொடுத்தார்.