சமையலறை மேசையில் ஒரு விமானி

இவெதாவுக்கு ஓர் எதிரி இருந்தான். அவன் பெயர் லூபோர். செத்துப்போய் ஐந்து வருடமாகியும் அவளுடைய அப்பாவை விடமாட்டேன் என்கிறான்!

லூபோரும் செக் நாட்டில் இவெதாவின் ஊர்க்காரன்தான். போர் நடந்தபோது இங்கிலாந்துக்குத் தப்பிப் போய், ஜெர்மன்காரர்களை எதிர்த்துப் போர் விமானம் ஓட்டியவன். பிறகு அங்கேயே தங்கிவிட்டான். தன் கதையைத் தன் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். அதை ஊரார் படிக்கும்படி செக் மொழியில் எழுதித் தரும் வேலை, ஆங்கில ஆசிரியரான இவெதாவின் அப்பாவிடம் வந்து சேர்ந்தது.

வந்தது செப்டம்பரில். இப்போது ஜனவரி. சமையலறை மேசை முழுக்கக் காகிதம். 'டக் டக் டக்' என்று தட்டச்சுப் பொறியின் சத்தம் ஓய்வதே இல்லை.

"அப்பா, நான் கணக்குல முதல் மார்க்!"

"அப்படியா செல்லம்? லூபோர்கூடக் கணக்குல புலியாம்."

இவெதாவுக்கு வயிறு பற்றி எரியும். லூபோருக்குக் காளான் சூப் பிடிக்கும், லூபோரின் காலணி அளவு நாற்பத்து மூன்று, லூபோருக்கு இடது காதில் ஒரு மச்சம். எல்லாம் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இவெதாவுக்கு இப்போது காலணி சின்னதாகிவிட்டது அவருக்குத் தெரியுமா? ஊஹூம்!

"விடுடி. நம்ம வீட்டுல அவன் நாலாவது ஆளு" என்று அம்மா சிரிப்பாள். இவெதாவுக்குச் சிரிப்பு வராது.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்பா கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தார்.

"முடிஞ்சிருச்சு! திங்கட்கிழமை காலையில அச்சகத்துக்காரங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க. நாளைக்கு முழு நாளும் உனக்குத்தான். பனிக்குளத்துல சறுக்கப் போறோம்!"

"நிஜமாவா? லூபோர் வரமாட்டானே?"

"வரமாட்டான், வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு, சறுக்குக் காலணிகளைச் சாணை பிடிக்க எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பினார்.

அப்பா கட்டி வைத்திருந்த காகிதக் கட்டை இவெதா முறைத்தாள். 'போய்த் தொலை!' என்று மனதுக்குள் சொன்னாள். அப்புறம் ஓர் ஆசை வந்தது. இவன் எங்கேயாவது செமத்தியாக அடி வாங்கியிருப்பானே! அதையாவது படிக்கலாமே!

பதினான்காம் அத்தியாயத்தில் கிடைத்தது. கடலுக்கு மேலே சண்டை. உப்புக் குப்பியை லூபோர் என்று வைத்துக்கொண்டாள். கரண்டிதான் அவன் நண்பன் எவ்ஷென். மிளகுக் குப்பி ஜெர்மன்காரன்.

எழுதியிருந்தபடியே நகர்த்தினாள். ஜெர்மன் விமானம் லூபோரின் பின்னால் வருகிறது. எவ்ஷென் இடப்பக்கம் விலகிப் போகிறான். 'எவ்ஷெனை அதன்பின் நான் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், என் பின்னால் யாரும் இல்லை. வீடு வந்து சேர்ந்தேன்.'

இவெதா மிளகுக் குப்பியைப் பார்த்தாள். அது உப்புக் குப்பியின் முதுகிலேயே நின்றது. இது எங்கே போயிற்று? மறுபடி நகர்த்தினாள். மூன்றாம் முறையும் நகர்த்தினாள். இப்படி நடந்திருந்தால் லூபோர் செத்திருக்க வேண்டுமே! புத்தகம் எப்படி எழுதினான்?

இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எவ்ஷென் வேறு யாரும் இல்லை, பள்ளிக்கூடச் சமையற்கார ஹெர்மா அத்தையின் அண்ணன். போருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. நேற்றுதான் சூப் ஊற்றிக்கொண்டே அத்தை சொன்னாள்: "உங்கப்பா எழுதுற புத்தகத்துல எங்கண்ணன் வர்றான்டி! அவன் எப்படிப் போனான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல. எங்கேயோ ஓடிப்போயிட்டான்னுகூடப் பேசினாங்க."

இதைப் படித்தால் அத்தை என்ன நினைப்பாள்? தன் அண்ணன் நண்பனை விட்டுவிட்டு ஓடியவன் என்றுதானே!

ஆனால் அப்பாவிடம் சொன்னால் நாளைக்குப் பனிக்குளம் போச்சு. மறுபடியும் அந்த லூபோர்! சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? இவெதா காகிதங்களைப் பழையபடி கட்டி வைத்தாள். முடிச்சும் போட்டாள்.

கதவு திறந்தது. "பாரு, கத்தி மாதிரி மின்னுது!" என்று அப்பா சறுக்குக் காலணிகளைத் தூக்கிக் காட்டினார்.

இவெதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்பா... மிளகுக் குப்பி எங்கப்பா போச்சு?"

"மிளகுக் குப்பியா? மேசையில தானே இருக்கு?"

அவள் முடிச்சை அவிழ்த்து, எல்லாவற்றையும் நகர்த்திக் காட்டினாள். அப்பாவின் சிரிப்பு மறைந்தது. ஆங்கிலப் பக்கத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் நின்றது.

"ஐயோ! மூணு வரி வரிசையா எவ்ஷென் பேர்ல ஆரம்பிக்குது. முதல் வரியில இருந்து என் கண்ணு மூணாவதுக்குத் தாவிடுச்சு. நடுவுல இருந்ததை விட்டுட்டேன்!"

"நடுவுல என்னப்பா இருக்கு?"

அப்பா மெதுவாகப் படித்தார். "எவ்ஷென் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி, நேராக ஜெர்மன்காரன்மேல் மோதினான். இருவரும் கடலில் விழுந்தார்கள். இன்று நான் உயிரோடு இருப்பது அவனால்தான்."

இவெதா கரண்டியைத் திருப்பி மிளகுக் குப்பிமேல் மோதவிட்டாள்.

"இது ஒண்ணு மட்டும்தானா, இன்னும் எத்தனை விட்டிருக்கேனோ!" என்று அப்பா தலையில் கை வைத்தார். "எல்லாப் பக்கத்தையும் மறுபடி பார்க்கணும். இவெதா... நாளைக்கு..."

"தெரியும்" என்றாள் இவெதா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவுகோலை எடுத்தாள். "ஒவ்வொரு வரிக்கும் அடியில நான் இதை வச்சு நகர்த்துறேன். அப்ப உன் கண்ணு எப்படித் தாவுதுன்னு பார்ப்போம்!"

ஞாயிறு முழுக்க இருவரும் மேசையை விட்டு எழவில்லை. இன்னும் இரண்டு இடங்கள் அகப்பட்டன. அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இரும்மா, லூபோர் இன்னும் தரை இறங்கல!" என்றாள் இவெதா.

"நல்லாருக்கு! இப்ப இவளையும் சேர்த்து இழுத்துட்டானா?" என்று அம்மா முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை மதியம், அந்தப் பக்கத்தின் நகலை இவெதா ஹெர்மா அத்தையிடம் கொடுத்தாள். அத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள். பின்னால் பிள்ளைகள் தட்டுகளோடு கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"ஓடிப்போகலடி எங்கண்ணன்" என்று கண்ணீரோடு சொன்னாள். "அதை மறக்காம எழுதி வச்சிருக்கான் பாரு அந்த லூபோர். எவ்வளவு நல்லவன்!"

யாராவது லூபோரைப் புகழ்ந்தால் இவெதாவுக்குப் பிடிக்காது. இன்றைக்கு அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லவன்தான் அத்தை" என்றாள். "ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பாவை அவனுக்குத் தரமாட்டேன்!"