செம்மண் கறையான்

"கறையான்தான் தின்டிச்சு எண்டு ஒரு கடுதாசி தாங்க மிஸ். பொலிஸுக்கு அது போதும்," என்றார் ஹஸ்மி முதலாளி.

விவசாயப் போதனாசிரியை ஹஃபீலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் அவர் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தாள். விளிம்பெல்லாம் செம்மண் காய்ந்திருந்தது.

"முதலாளி வண்ணாத்திவில்லுக் கஜுத் தோட்டத்துக்கு இன்னும் போறீங்க போல," என்றான் றஸீன். அவளுடைய முச்சக்கரவண்டிக்காரன், வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன்.

"இந்த எத்தாளை ஊராக்கள்ல அங்க காணி ஈக்கிறது எனக்கு மட்டுந்தானே. பாக்காம வுடலுமா?"

நான்கு நாட்களுக்கு முன் அவருடைய வெங்காயக் கொட்டிலில் கூரையைத் தாங்கிய வளை மரம் முறிந்து, உள்ளே படுத்திருந்த தம்பி ஸியாத் மௌத்தானான். கூரை போட்டது தச்சுவேலை செய்யும் யோகராசா பாஸ். யுத்தத்தில் வன்னியை விட்டு வந்து, முப்பது வருடமாக இந்தக் கரையில் மரம் அறுக்கும் வாளும் உளியுமாகப் பிழைக்கிற மனுசன். உளுத்த மரத்தைப் போட்டு ஆளைக் கொன்றுவிட்டார் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கடிதம் கிடைத்ததும் அவருக்கு மறியல் சிறைதான்.

"மரத்தப் பாத்துட்டுத் தாறன்," என்றாள் ஹஃபீலா.

கொட்டிலடியில் வெள்ளை மணல் காலைச் சுட்டது. தென்னைமரத்தின் கீழே ஒரு பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் பாஸ் குந்தியிருந்தார்.

"பனை மரம், பிள்ளை. வைரம் பாஞ்சது. கறையான்ரை பல்லு அதிலை இறங்காது," என்றார். யாரும் காது கொடுக்கவில்லை.

றஸீன் முந்திக்கொண்டான். "இங்க பாருங்க ராத்தா, கறையான் வழி. விரல் மொத்தம் ஈக்கி."

சுவரில் சிவப்பாக ஒரு மண் கோடு, முறிந்த மரத்தின் நுனிவரை ஏறியிருந்தது. நுனியையும் அதே மண் மூடியிருந்தது.

"எங்கேருந்து ஏறினது?"

"நிலத்துலேருந்துதான்." குனிந்து தேடினான். கோடு அவன் நெஞ்சுயரத்தில்தான் தொடங்கியது. கீழே வெள்ளையடித்த சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"கறையான் நடுச்சுவத்துல ஏணி வெச்சா ஏறும்? வெயில் பட்டாச் செத்துப்போற சாமான் அது. நிலத்துலேருந்தே மூடின வழி கட்டிக்கிட்டுத்தான் வரும். சரி, எந்த மண்ணால கட்டும்?"

"காலடியில ஈக்கிற..." றஸீன் தன் காலைப் பார்த்தான். வெள்ளை மணல். சுவரிலிருந்த சிவப்புக் கோட்டை மறுபடி பார்த்தான்.

ஹஃபீலா பேனாக்கத்தியால் நுனி மண்ணைச் சுரண்டினாள். உள்ளே ஓட்டையில்லை, அரிப்பில்லை. பலகைபோலத் தட்டையாக வாள் போன தடம். அடியில் கொஞ்சந்தான் முறிந்த சிராய்.

"முக்கால்வாசி அறுத்துட்டு வெட்டுவாய மண்ணால பூசி ஈக்கி. இந்த மணல் மரத்துல ஒட்டாது. ஒட்டுற மண்ண அது ஈக்கிற எடத்துலேருந்துதான் கொண்டு வரணும்." கூடவே வந்து நின்ற ஹஸ்மியின் பக்கம் அவள் திரும்பினாள். "வண்ணாத்திவில்லுலேருந்து, முதலாளி."

றஸீன் முதலாளியை விட்டு ஓரடி விலகினான். ஸியாத்தின் உடலை வைத்த சந்தூக்கின் முன்காலை இந்த மனுசனும் அவனும்தான் தோளில் சுமந்தார்கள். குழி மூடும்போது இவர் அழுத கண்ணீர் அவன் சட்டையில் பட்டது.

ஹஸ்மி மணலில் உட்கார்ந்தார். "அவன் கடல்ல ஈப்பான் எண்டு நெனச்சன். இந்தக் கொட்டில் காணிய விக்க அவன் ஒத்துக்கல்ல. கூரை வுழுந்தா கொட்டில வுட்டுப் போவான் எண்டுதான்... மத்தப்படி அல்லாஹ் அறிய..."

"சோழகக் காத்துக்கு அன்டைக்கு ஒரு வள்ளமும் கடல்ல இறங்கல்லயே, ஊருக்கே தெரியுமே," என்றான் றஸீன். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

பாஸ் எழுந்து வந்தார். மறியல் இல்லையென்ற ஆறுதல் அவர் முகத்தில் இல்லை. வெட்டுத் தடத்தைப் பெருவிரலால் தடவினார். சீரான கீறல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஆழமாகப் போயிருந்தது.

"பல்லொண்டு வளைஞ்ச வாள். என்ரை வாள்," என்றார். "கஜு மரம் தறிக்க எண்டு கேட்டனீங்கள், முதலாளி. மழுங்கிக் கிடக்குது, பொறுங்கோ எண்டு நான்தானே இருந்து அராவித் தந்தனான்."